தவிலுக்காக கிளிப்பர் போட்டேன், நாதஸ்வரம் கரகரக்குது

அரசலாறு:
கும்பகோணம் பக்கத்துக் கோயில் புறப்பாட்டுல பதிவான மல்லாரி (சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்துல வாசிக்கிற உருப்படி), 6 நிமிஷம். தவிலுக்கு வலந்தலைப் பக்கம் (விரலால வாசிக்கிறது) ஒரு மைக், தொப்பிப் பக்கம் (குச்சியால அடிக்கிறது) ஒரு மைக், நாதஸ்வரத்துக்குத் தனியா ஒண்ணு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ரீப்பர்ங்கிற ஒலிக்கலவை மென்பொருள்ல ஏத்தியாச்சு. அடியில 808 பேஸ் (டிரம் மெஷின் பாணி ஆழமான அடி ஒலி) சேர்த்து ரீல்ஸுக்கு ஒரு மிக்ஸ், திருவிழா மைக் செட்டுக்கு ஒரு மிக்ஸ் தேவை.

லிமிட்டர் (உச்சி வரும்போது மொத்த சத்தத்தையும் தானா இறக்குற கருவி) மட்டும் வெச்சா ஒவ்வொரு தவில் அடிக்கும் நாதஸ்வரம் உள்ள போய் வெளிய வருது. அதனால எல்லா டிராக்கும் ஒண்ணா சேர்ற மாஸ்டர்ல ஹார்ட் கிளிப்பர் (அளவைத் தாண்டுற அலை உச்சியை அப்படியே வெட்டுறது) போட்டு 5 டிபி (டெசிபல்) வெட்டினேன். சத்தம் ஏறிச்சு. ஆனா நீட்டி ஊதுற இடத்துல சீவாளி பிளந்த மாதிரி கரகரப்பு. மேல் ஸ்தாயியில சுருதி சேராத விசில் ஒண்ணும் கூடவே வருது. ஓவர்சாம்பிளிங் (கிளிப்பர் உள்ள மட்டும் சாம்பிள் ரேட்டைக் கூட்டுறது) ஆஃப்ல இருக்கு. எங்க தப்பு?

குடமுருட்டி:
ரெண்டு தப்பு. ரெண்டும் வேற வேற.

கரகரப்புக்குக் காரணம் கிளிப்பர் இருக்குற இடம். தவில் அடியோட உச்சி ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட்ல முடிஞ்சுடும். அதை வெட்டினா வர்ற டிஸ்டார்ஷன் அடியோட சத்தத்துலயே கரைஞ்சுடும், காது கண்டுபிடிக்காது. நாதஸ்வரம் விடாம ஒலிக்கிற வாத்தியம். மாஸ்டர்ல வெட்டும்போது தொப்பியோட பெரிய அலை நாதஸ்வரத்தைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போய் கூரையில இடிக்குது. அலை இறங்கினா விடுது, ஏறினா மறுபடி இடிக்குது. நீங்க கேக்குற கரகரப்பு அதுதான்.

விசில், அலியாசிங். 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ரெண்டு பக்கமும் சமமா வெட்டினா 15, 25, 35, 45னு ஒற்றைப்படை ஹார்மானிக்ஸ் (மடங்கு ஒலிகள்) பிறக்கும். 48ல பதிவான கோப்புல அதுல பாதி, 24க்கு மேல இடமில்லை. அதனால 25 மடங்கி 23 ஆகும், 35 மடங்கி 13 ஆகும், 45 மடங்கி 3 ஆகும். அந்த 3 மூல ஒலிக்கே கீழ வந்து உக்காருது, எந்த சுருதிக்கும் சேராது. கமகத்துல சுரம் மேல போனா இது கீழ இறங்கும். அதை வெச்சே அடையாளம் கண்டுக்கலாம்.

இப்படிச் செய்யுங்க. தவில் மைக் ரெண்டையும் ஒரு பஸ்ஸுல (பல டிராக்கை ஒண்ணா சேர்க்கிற பாதை) சேருங்க. முதல்ல 50 ஹெர்ட்ஸ்ல ஹை பாஸ் (அதுக்குக் கீழ இருக்குறதை வடிகட்டுற ஃபில்டர்). அடுத்து கம்ப்ரசர் (பெரிய சத்தத்தை அமுக்குறது), அட்டாக் (அமுக்க எடுக்குற நேரம்) 20 மில்லிசெகண்ட், ரேஷியோ (அமுக்குற விகிதம்) 3. அட்டாக் மெதுவா இருக்குறதால அடியோட முனை தப்பிச்சு இன்னும் துருத்தும், அதை வெட்டத்தான் அடுத்தது கிளிப்பர். 4 மடங்கு ஓவர்சாம்பிளிங் போட்டு, பலமான அடியில மட்டும் 3 முதல் 4 டிபி போற மாதிரி உள்ளளவை ஏத்துங்க. டெல்டா பட்டன் இருந்தா அமுக்கி வெட்டுப்பட்டதை மட்டும் கேளுங்க. டிக் டிக்னு இருந்தா சரி. அதுல நாதஸ்வர மெட்டு கேட்டா அதிகமா வெட்டுறீங்கன்னு அர்த்தம்.

ஹை பாஸை கிளிப்பருக்குப் பின்னால வெக்காதீங்க. ஃபேஸ் நகர்ந்து, தட்டையா இருந்த உச்சி சரிஞ்சு, வெட்டின அளவுக்கு மேலயே திரும்ப எழும்பும்.

மாஸ்டர்ல லிமிட்டர் 1 முதல் 2 டிபி வேலை செஞ்சா போதும். சீலிங் (தாண்டக் கூடாத உச்ச அளவு) −1 டிபி ட்ரூ பீக் (சாம்பிளுக்கு நடுவுல எழும்புற உச்சியையும் சேர்த்து அளக்குறது).

வெண்ணாறு:
குடமுருட்டி அண்ணன் சொன்ன வரிசை சரி, 4 டிபி எனக்கு ஜாஸ்தியா படுது. வலந்தலையில விரல் கூடு போட்டு வேகமா வாசிக்கிற சொல்லுல அழுத்தமும் மெல்லடியும் மாறி மாறி வரும். உச்சியையெல்லாம் ஒரே மட்டத்துல வெட்டினா எல்லா சொல்லும் ஒரே எடையில விழும், தவில் கேக்காது, டைப்ரைட்டர்தான் கேக்கும். வலந்தலைக்கு 2 டிபி, சாஃப்ட் நீ (படக்குனு இல்லாம வளைவா வெட்டுறது). தொப்பியில பூவரசங்குச்சி அடிக்கு ஹார்ட் கிளிப் 4 வரைக்கும் தாங்கும். ஆளுக்கொரு கிளிப்பரா பிரிச்சுப் போடுங்க.

இன்னொண்ணு, ஒப்பிடும்போது வெளியளவைக் குறைச்சு ரெண்டையும் ஒரே சத்தத்துல வெச்சுக் கேளுங்க. இல்லன்னா சத்தமா இருக்குறதே நல்லா இருக்குற மாதிரி தோணும்.

அரசலாறு:
நன்றி அண்ணே. நாதஸ்வர டிராக்கோட மீட்டரும் சில இடத்துல சிவப்பாகுது. அதுவும் கிளிப்தானா? 808 போன்ல சுத்தமா கேக்கவே இல்ல, அதுக்கும் கிளிப்பர் உதவுமா?

குடமுருட்டி:
ரீப்பர் உள்ள 64 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட்ல ஓடுது. டிராக் மீட்டர் 0 தாண்டினா அங்க எதுவும் வெட்டுப்படாது. 24 பிட்டா வெளிய எடுக்கும்போதோ, சவுண்ட் கார்டு வழியா ஸ்பீக்கருக்குப் போகும்போதோதான் வெட்டும். பதிவாகும்போதே வெட்டுப்பட்டிருந்தா அது வேற கதை: அலையைப் பெருசாக்கிப் பாருங்க, உச்சி தட்டையா இருந்தா டிகிளிப் (வெட்டுப்பட்ட உச்சியைத் திரும்ப வரையுறது) செய்யத்தான் வேணும். அடுத்த பதிவுக்கு உச்சி −12 டிபி தாண்டாம கெயின் வையுங்க.

808க்கு கண்டிப்பா உதவும். 50 ஹெர்ட்ஸ் போன் ஸ்பீக்கர்ல வராது, ஆனா வெட்டினா பிறக்குற 150, 250 வரும். காது அதை வெச்சே அடி ஒலியை ஊகிச்சுக்கும். நகல் டிராக் ஒண்ணு எடுத்து 10 டிபி வரைக்கும் தள்ளி வெட்டுங்க, அப்புறம் 120க்குக் கீழயும் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலயும் நறுக்கிட்டு, மூலத்தை விட 12 டிபி குறைவா கலந்துவிடுங்க. இங்க ஃபில்டர் பின்னால வரலாம், உச்சி எழும்பினாலும் அளவு குறைவுதான்.

வெட்டாறு:
மைக் செட் மிக்ஸைப் பத்தி யாரும் சொல்லல. ஒரே உச்சி அளவுல, முழுசா வெட்டின சதுர அலை சைன் அலையை விட 3 டிபி அதிக சக்தி கொடுக்கும். நீங்க ஏற்கெனவே அடர்த்தியா வெட்டிக் கொடுத்து, அங்க ஆம்ப்ளிஃபையரையும் முழுசாத் திருப்பி அதுவும் வெட்டினா, குழாய் ஸ்பீக்கரோட காயில் சூடாகிக் கருகும். அந்த மிக்ஸ்ல மாஸ்டர் கிளிப்பர் வேணாம், தவில் பஸ்ஸுல 1 முதல் 2 டிபி போதும். குழாய்ல 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா எதுவும் வராது. 808ஐ எடுத்துட்டு அந்த நகல் டிராக்கை மட்டும் விடுங்க.

அரசலாறு:
4 மடங்கு போட்டதும் விசில் காணோம், கரகரப்பும் போச்சு. தொப்பி மட்டும் சப்புனு இருக்கு, கிளிப்பரை எடுத்தாலும் அப்படியே.

வெண்ணாறு:
அப்போ கிளிப்பர் மேல பழி இல்ல. தொப்பியை அடிச்சா அந்தத் தோல் தன் மைக்கை விட்டு உள்ள போகும், அதே நேரம் வலந்தலைத் தோல் தன் மைக்கைப் பாத்து வெளிய வரும். ரெண்டு அலையும் எதிரெதிர், பஸ்ஸுல சேரும்போது அடி ஒலி கழிஞ்சுபோகும். வலந்தலை டிராக்ல போலாரிட்டியைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி) கேளுங்க. எதுல அடி ஒலி கனமா இருக்கோ அதை வெச்சுக்கிட்டு, கிளிப்பரோட உள்ளளவைப் புதுசா வையுங்க, ஏன்னா பஸ் அளவு இப்போ ஏறியிருக்கும்.