ஈஆர்பிநெக்ஸ்ட்டில் வேர்ஹவுஸ் பிரிப்பது: நிட்டிங், டையிங் என்று வெளியே போகும் சரக்கை எங்கே காட்டுவது?

பனியன்_யூனிட் (திருப்பூர்)

வணக்கம். எங்களுடையது திருப்பூரில் ஒரு சின்ன டி-ஷர்ட் யூனிட். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் மட்டும்தான் உள்ளே. நூல் வாங்கி வெளியே நிட்டிங்குக்குக் கொடுப்போம், கோரா (சாயம் ஏற்றாத) துணி வந்ததும் டையிங், டையிங்கிலிருந்து வண்டி நேராகக் காம்பாக்டிங்குக்கு (பிறகு சுருங்காதபடி துணியைப் பதப்படுத்த) போய்விடும், அதற்கப்புறம்தான் துணி எங்கள் கைக்கு வரும். இதுவரை டாலியும் நாலைந்து எக்செல் ஷீட்டும்தான். வரும் ஏப்ரல் 1 முதல் ஈஆர்பிநெக்ஸ்ட் 15 சாஃப்ட்வேருக்கு மாறலாம் என்று இப்போது டெமோ கம்பெனியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு இடத்தில் சிக்கல். ஒன்று, சிஸ்டத்தில் வேர்ஹவுஸை, அதாவது சரக்கு இருக்கும் இடங்களை, எப்படிப் பிரிப்பது? செட்டப் செய்து தருகிறவர் கட்டடத்துக்கு ஒன்று, ஒவ்வொரு ரேக்குக்கும் ஒன்று, கலர் வாரியாகவும் தனித்தனி என்று நாற்பதுக்கு மேல் போட்டு வைத்திருக்கிறார். எங்கள் ஸ்டோர் தம்பி என்ட்ரி போடும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்றே தெரியாமல் விழிக்கிறான். இரண்டாவது, 500 கிலோ கோரா டையிங்குக்கு அனுப்பி 465 கிலோ கலர் துணி வாங்கியதாகப் போட்டுப் பார்த்தேன், மிச்சம் 35 கிலோ இன்னும் டையிங் பார்ட்டியிடம் இருப்பதாகவே ஸ்டாக் காட்டுகிறது. அது ப்ராசஸ் லாஸ், டையிங்கில் குறையும் எடை, இனி வரவே வராது. நெகட்டிவ் ஸ்டாக்கை (இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போவதை) அனுமதித்துவிட்டால் எல்லாம் ஓடும் என்று செட்டப் செய்பவர் சொல்கிறார். செய்யலாமா?

ஸ்டோர்_லெட்ஜர்

நெகட்டிவ் ஸ்டாக் அனுமதியைத் தொடவே வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே வராத துணியை வெளியே கொடுத்ததாக என்ட்ரி போட்டால், அந்த நேரத்துக்கு சிஸ்டம் ஏதோ ஒரு பழைய விலையை எடுத்து மதிப்பு போடும், பிறகு உண்மையான வரவு ஏறும்போது பின்னாலிருந்து எல்லாவற்றையும் திருப்பிக் கணக்கிடும். போன மாதம் பார்த்த லாபம் இந்த மாதம் வேறாக இருக்கும். அதுவும் உங்கள் 35 கிலோ பிரச்சினைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

35 கிலோ ஏன் நிற்கிறது என்றால், பில் ஆஃப் மெட்டீரியலில் (பிஓஎம், எதைச் செய்ய எந்த மூலப்பொருள் எவ்வளவு என்கிற பட்டியல்) ஒரு கிலோ கலர் துணிக்கு ஒரு கிலோ கோரா என்று போட்டிருப்பார்கள். 465 வந்ததும் 465ஐ மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ட்டியிடமே விட்டுவிடுகிறது. இது வெறும் எடைக் கணக்கு என்று நினைக்காதீர்கள். கோரா கிலோ 275 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், 500 கிலோ 1,37,500 ரூபாய். அத்தனையும் 465 கிலோவில்தான் ஏற வேண்டும், அதாவது டையிங் கூலிக்கு முன்பே கிலோ 295.70 ரூபாய். நீங்கள் போட்ட என்ட்ரியில் அது 275லேயே நிற்கும். கிலோவுக்கு 20 ரூபாய் 70 காசு குறைவான அடக்கத்தை வைத்து ஆர்டருக்கு ரேட் சொல்வீர்கள், இல்லாத சரக்கு 9,625 ரூபாய்க்கு ஆஸ்தியில் உட்கார்ந்திருக்கும். வருடம் முழுக்க எத்தனை லாட் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரிசெய்ய பையிங் செட்டிங்ஸுக்குப் போங்கள். சப்கான்ட்ராக்ட் (வெளியே கொடுத்துச் செய்விக்கும் வேலை) மூலப்பொருளை எதை வைத்துக் கழிப்பது என்று ஒரு தேர்வு இருக்கும். பிஓஎம் என்று இருப்பதை எடுத்துவிட்டு, அனுப்பிய சரக்கின் அடிப்படையில் என்று மாற்றுங்கள். ஆர்டர் போடும்போதே வரவேண்டிய துணியை 500 என்று போடாமல் லாஸ் கழித்து எதிர்பார்க்கும் எடையாகப் போடுங்கள். அடர் கலருக்கும் வெளிர் கலருக்கும் லாஸ் வேறு என்பது உங்களுக்கே தெரியும், எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் வேண்டாம். எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடக்குறைய வந்தால் சப்கான்ட்ராக்டிங் ரசீதைச் சப்மிட் செய்யும் முன் கீழே மூலப்பொருள் அட்டவணையில் செலவான அளவை 500 என்று கையாலேயே திருத்திவிடலாம். பார்ட்டி இன்னும் பாதி லாட்டைத்தான் கொடுத்திருக்கிறார் என்றால் திருத்தக் கூடாது, லாட் முடியும் ரசீதில் மட்டும்தான்.

இனி வேர்ஹவுஸ். இந்தச் சரக்கு குறைந்தால் யாரைக் கேட்பீர்கள்? பதில் வேறு ஆளாக இருந்தால் தனி வேர்ஹவுஸ், அதே ஆளாக இருந்தால் வேண்டாம். நூல் குடோன், துணி ஸ்டோர், கட்டிங், தையல் லைன், பேக்கிங், ஆக்சசரீஸ், ரிஜெக்‌ஷன். உள்ளே இது போதும். வெளியே "ஜாப் ஒர்க்" என்று ஒரு க்ரூப் போட்டு, அதன் கீழ் நிட்டிங், டையிங், காம்பாக்டிங் பார்ட்டி ஒவ்வொருவருக்கும் ஒன்று. க்ரூப்பில் நேரடியாக என்ட்ரி விழாது, ஆனால் வெளியே மொத்தம் எவ்வளவு கிடக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். கலருக்கு வேர்ஹவுஸ் என்பதை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை, கலர் ஐட்டத்தில் வேரியன்டாக, அதே ஐட்டத்தின் உள்வகையாக, வரவேண்டியது.

டையிங்கிலிருந்து நேராகக் காம்பாக்டிங் போவதற்கு, டையிங் ரசீதில் வரவு இடமாக கூட்ஸ் இன் ட்ரான்சிட் (வழியில் இருக்கும் சரக்கு) வேர்ஹவுஸைக் கொடுங்கள். கம்பெனி உருவாக்கும்போதே அது வந்துவிடும். அங்கிருந்து காம்பாக்டிங் பார்ட்டிக்கு சப்கான்ட்ராக்டருக்கு அனுப்பும் ஸ்டாக் என்ட்ரி. நேரே காம்பாக்டிங் வேர்ஹவுஸிலேயே வரவு வைத்தால், அடுத்த ஆர்டரில் அனுப்பிய கணக்கு பூஜ்யமாகத்தான் இருக்கும், கழிக்க ஒன்றும் இருக்காது.

ரோல்_ஸ்டிக்கர்

ஸ்டோரில் நிற்கிறவன் என்கிற முறையில் ஒரு வார்த்தை. ரேக்கை வேர்ஹவுஸாகப் போட்டால் ரோலை நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் ஸ்டாக் என்ட்ரி போடவேண்டும். லாரி வாசலில் நிற்கும்போது யாரும் போடமாட்டார்கள், ஒரு மாதத்தில் கம்ப்யூட்டர் ஒரு ரேக்கைச் சொல்லும், துணி வேறு ரேக்கில் இருக்கும். ரேக் எண்ணை ரோல் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினால் போதும், பெரிய குடோன் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதுதான் முக்கியம்: டையிங் லாட்டை (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய துணி) தனி எண்ணோடு பேட்ச்சாகப் போடுங்கள். ஒரே நேவி ப்ளூதான், இரண்டு லாட்டுக்கு ஷேட் வித்தியாசம் வந்துவிடும். உடம்பு ஒரு லாட், கை ஒரு லாட் என்று வெட்டினால் பீஸ் செக்கிங்கில் கழியும். பேட்ச் இருந்தால் கட்டிங்குக்குத் துணி கொடுக்கும்போதே லாட் எண் என்ட்ரியில் வந்துவிடும், பையர் பக்கம் புகார் வந்தாலும் எந்த டையிங், எந்த லாட் என்று பின்னால் போய்ப் பார்க்கலாம். ஆனால் ஐட்டத்தில் பேட்ச் உண்டு என்கிற டிக்கையும் ஸ்டாக் அலகையும் முதல் என்ட்ரிக்கு முன்பே முடிவு செய்யுங்கள், பரிவர்த்தனை ஏறிவிட்டால் மாற்ற விடாது, புது ஐட்டம்தான் போடவேண்டி வரும். துணிக்கு அலகு கிலோ. ரோலை அலகாக வைத்து ஒரு ரோல் இத்தனை கிலோ என்று போட்டுவிடாதீர்கள், எந்த இரண்டு ரோல் ஒரே எடை இருக்கிறது?

பற்று_வரவு

ஜிஎஸ்டி பக்கத்தை யாரும் தொடவில்லையே. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வரவேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாக வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள், இது ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவு. ஆகவே அந்த 35 கிலோவை அப்படியே விட்டால் அடக்கம் மட்டும் கெடாது, ஜாப் ஒர்க் சரக்கைக் காட்டும் ஐடிசி-04 படிவத்தில் அது திரும்பி வராத சரக்காக நிற்கும். அந்தப் படிவத்தில் லாஸ், வேஸ்ட் எழுதத் தனி இடமே இருக்கிறது, ரசீதில் சரியாகப் போட்டால் அங்கேயும் சரியாக எழுதலாம். 5 கோடிக்கு மேல் டர்னோவர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அக்டோபர் 25, ஏப்ரல் 25. அதற்குக் கீழே என்றால் வருடம் ஒருமுறை, ஏப்ரல் 25. ஒரு ஜாப் ஒர்க்கரிடமிருந்து நேரே இன்னொருவருக்குப் போவதில் தவறில்லை, சரக்கோடு போகும் டெலிவரி சலான் மட்டும் ஒழுங்காக இருக்கட்டும். சலான் எண்ணையும் தேதியையும் ஸ்டாக் என்ட்ரியில் ஒரு கஸ்டம் ஃபீல்டாக (நாமே சேர்க்கும் கட்டம்) சேர்த்துக்கொண்டால் படிவம் தயாரிக்கும்போது சலான் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம்.

வாடகைக்கு எடுத்த குடோனில் நூல் வைத்திருக்கிறீர்களா? அதை ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் இடமாகச் சேர்த்தாயிற்றா என்று ஒருமுறை பாருங்கள்.

கணக்கில், எல்லா வேர்ஹவுஸுக்கும் தனித்தனி ஸ்டாக் அக்கவுண்ட் தேவையில்லை. ஜாப் ஒர்க் க்ரூப்புக்கு ஒன்று, உள்ளே இருப்பதற்கு ஒன்று, கீழே உள்ளவை தானாக எடுத்துக்கொள்ளும். பர்பெச்சுவல் இன்வென்ட்டரி (ஒவ்வொரு சரக்கு என்ட்ரிக்கும் கணக்கு தானாக ஏறுவது) ஓடும்போது அந்த அக்கவுண்டில் ஜர்னல் போட்டுச் சரிக்கட்ட முடியாது, சிஸ்டமே மறுக்கும். டாலி பழக்கத்தில் வருகிறவர்களுக்கு முதல் மாதம் இதில்தான் கோபம் வரும்.

பழைய_டாலி

ஒரு சந்தேகம். இத்தனைக்கும் ஈஆர்பிநெக்ஸ்ட் எதற்கு? டாலிபிரைமிலேயே குடோன் பிரிக்கலாம், எஃப்11 அழுத்தி ஜாப் ஆர்டர் ப்ராசஸிங்கை ஆன் செய்தால் மெட்டீரியல் அவுட், மெட்டீரியல் இன் வவுச்சர் வந்துவிடும், பார்ட்டியிடம் இருக்கும் சரக்கும் தெரியும். ஒரு கணக்கர், ஒரு ஸ்டோர் ஆள் என்றால் அதுவே தாராளம். எக்செல் ஷீட் ஓடுவது டாலியால் முடியாது என்பதாலா, யாரும் அதை ஆன் செய்யவில்லை என்பதாலா?

பனியன்_யூனிட்

எல்லோருக்கும் நன்றி. பழைய_டாலி அண்ணா, நியாயமான கேள்விதான். நிட்டிங், டையிங் வரைக்கும் டாலி போதும். எங்களுக்கு கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், பேக்கிங் என்று ஆளுக்கு ஒரு மொபைலில் அவரவர் வேலையைப் போடவேண்டும், ஆர்டர் வாரியாகச் சைஸ், கலர் பேலன்ஸ் பார்க்கவேண்டும், அதற்காகத்தான் மாறுகிறோம்.

கடைசியாக ஒன்று. மார்ச் 31 அன்று டையிங்கிலும் காம்பாக்டிங்கிலும் சரக்கு கிடக்கும். அதை ஓப்பனிங்கில் எப்படிக் கொண்டுவருவது? கிலோவிலிருந்து பீஸுக்கு எந்த இடத்தில் மாற்றுவது?

ஸ்டோர்_லெட்ஜர்

மார்ச் கடைசி வாரத்திலேயே ஒவ்வொரு பார்ட்டியிடமும் லாட் வாரியாக என்ன இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், உங்கள் எக்செல்லை நம்பி ஏற்றவேண்டாம். பிறகு ஸ்டாக் ரிகன்சிலியேஷனில் (இருப்பை ஏற்றும், சரிசெய்யும் என்ட்ரி) ஓப்பனிங் ஸ்டாக் என்று தேர்ந்தெடுத்து, அந்தந்த வேர்ஹவுஸில் ஐட்டம், பேட்ச், எடை, கிலோ மதிப்பு. எதிர்க்கணக்கு டெம்பரரி ஓப்பனிங் என்கிற தற்காலிகக் கணக்கு. ஆனால் நான் மேலே சொன்ன அதே தொல்லை இங்கேயும் உண்டு: பார்ட்டி வேர்ஹவுஸில் நேராக ஓப்பனிங்கில் ஏற்றிய சரக்கு எந்த ஆர்டருக்கும் அனுப்பியதாக இருக்காது. அதனால் பார்ட்டிகளிடம் கிடக்கும் அந்தப் பழைய லாட்டுகளை மட்டும் கூட்ஸ் இன் ட்ரான்சிட்டில் ஓப்பனிங் ஏற்றி, ஏப்ரல் 1 தேதியில் ஆர்டர் போட்டு அங்கிருந்து பார்ட்டிக்கு அனுப்பிவிடுங்கள். பழைய சலான் எண்ணை மறக்காமல் அதில் எழுதுங்கள், ஒரு வருடக் கணக்கு பழைய தேதியிலிருந்துதான் ஓடும். அது முடிந்ததும் ஸ்டாக் செட்டிங்ஸில் மார்ச் 31 வரையிலான என்ட்ரிகளை மாற்ற முடியாதபடி ஃப்ரீஸ் செய்துவிடுங்கள்.

கிலோ, பீஸ் மாற்றத்தை அலகு மாற்றமாகப் போடவே கூடாது. சைஸுக்குச் சைஸ் துணி மாறும், ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) மாறும். கட்டிங்கில் ஒரு மேனுபேக்சர் என்ட்ரி: துணி கிலோவில் உள்ளே, வெட்டிய பீஸ் எண்ணிக்கையில் வெளியே, கட்டிங் வேஸ்ட் ஸ்க்ராப் ஐட்டமாகக் கிலோவில். வேஸ்ட்டை விற்கிறீர்கள்தானே, அதற்கு ஒரு ரேட்டும் போடுங்கள்.

ரோல்_ஸ்டிக்கர்

வேஸ்ட்டை எடை போட்டே ஏற்றச் சொல்லுங்கள். மாஸ்டர் குத்துமதிப்பாகச் சொல்வதை ஏற்றினால் துணி எங்கே போனது என்று கடைசிவரை தெரியாது.