பார்வை போன அப்பாவுக்கு நாள் முழுக்கப் பேச்சு வானொலி: எதிலிருந்து தொடங்கலாம்?

கேட்டவர்: டோங்காட் மகள்

எல்லோருக்கும் வணக்கம். எங்க அப்பா தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து டோங்காட்டில் கரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிளாக்கோமா என்ற கண் நோயால் பார்வை போய்விட்டது. டிவி போட்டால் "இப்ப யாரு வந்தா? என்ன பண்றா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அணைக்கச் சொல்லிவிடுகிறார். இங்கே இந்தியர்களுக்காக வரும் லோட்டஸ் எஃப்எம் வானொலி கேட்பார், ஆனால் கொஞ்ச நேரத்தில் "பாட்டு போதும்மா, யாராவது பேசினா தேவலை" என்கிறார்.

பிரிட்டனின் பிபிசி ரேடியோ 4 எக்ஸ்ட்ராவில் காலை முதல் இரவு வரை நகைச்சுவை, நாடகம், ஆவண நிகழ்ச்சி என்று பேச்சாகவே வரும் என்று தோழி சொன்னாள். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், தமிழும் ஜூலுவும் பேசுவார். நானும் என் கணவரும் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வீடு. எப்படி ஏற்பாடு செய்வது? டேட்டா எவ்வளவு இழுக்கும்?

பதில்: மாரிட்ஸ்பர்க் மாமா

அம்மா, என் மனைவிக்கும் கடைசிக் காலத்தில் பார்வை இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நாள் முழுக்க ஓடவிடாதீங்க. பாட்டு பின்னால் ஓடினால் பாதகமில்லை. நாடகத்தில் பத்து நிமிஷம் கவனம் தப்பினால் கதையே போச்சு, அப்புறம் வெறும் இரைச்சல்தான். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ராத்திரி ஒன்று என்று நேரம் குறித்து வையுங்க. பத்து மணிக்கு ஒரு வேலை இருக்கிறது என்ற நினைப்பு வந்தால் மனுஷர் குளித்து, சட்டை மாற்றி வந்து உட்காருவார். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

உங்க தோழி சொன்ன நிலையம் 2002 டிசம்பரில் பிபிசி 7 என்ற பெயரில் தொடங்கியது. 2011 ஏப்ரலில் ரேடியோ 4 எக்ஸ்ட்ரா ஆனது. பெரும்பாலும் பிபிசியின் பழைய சேமிப்பிலிருந்து எடுத்துப் போடுவார்கள். காலையில் வந்த பலதும் பிற்பாடு மறுபடி வரும், அதனால் அப்பா கண்ணயர்ந்துவிட்டாலும் கவலையில்லை. நேரக் கணக்கை மட்டும் கவனியுங்க. பிரிட்டனில் குளிர்காலம் என்றால் நாம் இரண்டு மணி நேரம் முன்னால், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி நேரம்தான். அந்த ஞாயிறுகளுக்கு முன்பே அப்பாவிடம் சொல்லிவிடுங்க. பார்வை இல்லாதவருக்கு நேரம் திடீரென்று மாறினால் ரொம்பக் குழம்பும்.

முதலில் "தி மென் ஃப்ரம் தி மினிஸ்ட்ரி" என்ற நகைச்சுவை நாடகம் போடுங்க. லண்டன் அரசு அலுவலகத்தில் இரண்டு அதிகாரிகள் தொட்டதையெல்லாம் குழப்புவார்கள். பிபிசியில் 1962 முதல் 1977 வரை ஓடியது. அந்தக் காலத்து நம்ம நாட்டு வானொலி ஸ்பிரிங்பாக் ரேடியோவும் நம் ஊர் நடிகர்களை வைத்து அதைப் போட்டது, அப்பாவுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். இங்கே டிவி வந்ததே 1976 ஜனவரியில்தானே, அதுவரை எல்லா வீட்டிலும் ரேடியோதான். பிபிசியின் பழைய நகைச்சுவை "தி கூன் ஷோ"வை உலகமே புகழ்கிறது, ஆனால் சத்தமும் வேகமும் அதிகம். ஆரம்பத்தில் வேண்டாம்.

கரும்புக்காரர் என்பதால் விவசாயக் கிராமத்துத் தொடர் நாடகம் "தி ஆர்ச்சர்ஸ்" பிடிக்கும். அது எக்ஸ்ட்ராவில் இல்லை, ரேடியோ 4-இல். லண்டன் நேரம் இரவு ஏழு மணிக்கு, கால் மணி நேரத்துக்கும் குறைவு. 1951 முதல் நாடு முழுக்க ஒலிபரப்பாகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உணவுத் தட்டுப்பாடு இருந்த சமயம், விவசாயிகளுக்கு வேண்டிய யோசனைகளைக் கதைக்குள் வைத்துச் சொல்லத்தான் அதை ஆரம்பித்தார்கள். இன்னும் மாடு, மழை, நிலத்தகராறு எல்லாம் வரும்.

ஒரு விஷயம் மனசில் இருக்கிறது. ஸ்பிரிங்பாக்கில் "ஸ்குவாட் கார்ஸ்" என்ற போலீஸ் நாடகம் வந்தால் எங்க தெருவே அடங்கிவிடும். அதில் போலீஸ்காரர்கள் எல்லோரும் யோக்கியர்கள். நிறவெறிச் சட்டத்தால் டர்பனின் காட்டோ மேனரிலிருந்து எங்க சொந்தக்காரர்களைக் கிளப்பிவிட்டு, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பிய காலமும் அதுதான். ஆசையாகக் கேட்டோம், அதுவும் உண்மை. ஆகவே அப்பாவுக்கு நாடகம் மட்டும் போதாது. குவாசூலு நட்டால் பல்கலைக்கழகத்தில் காந்தி லுதுலி ஆவண மையம் இருக்கிறது. நிறவெறி எதிர்ப்புப் போராட்டக் காலத்து ஆட்களின் பேட்டிகளைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். கேட்டுப் பாருங்க.

பதில்: ஜோபர்க் தம்பி

அக்கா, டேட்டா கணக்கு சுலபம். 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்பி. மாமா சொன்ன மாதிரி தினம் மூன்று மணி நேரம் என்றால் 87 எம்பி. 128-இல் போனால் இரட்டிப்பு. பேச்சுக்கு 64 தாராளம்.

தொடுதிரை போன் அவருக்குக் கஷ்டம். நிஜப் பொத்தான் உள்ள இன்டர்நெட் ரேடியோ வாங்கி, முதல் பொத்தானில் பிபிசியை வைத்து, அதன்மேல் பசைபோட்டு ஒரு அரிசி மணி ஒட்டிவிடுங்க. விரல் கண்டுபிடித்துவிடும். லோட்ஷெடிங், அதாவது முறை வைத்து மின்வெட்டு, வந்தால் வைஃபையும் போய்விடும், அதனால் பேட்டரியில் ஓடும் சாதாரண டிரான்சிஸ்டர் ஒன்று கட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.

பதில்: ஃபீனிக்ஸ் ஆயா

ஜூலு தெரிந்தவருக்கு ஜூலு வானொலி உகோசி எஃப்எம் நாடகத்தை எப்படி விட்டீர்கள்? டர்பனில் 1941-இல் மசிங்கா என்ற அறிவிப்பாளர் ஜூலுவில் ஒலிபரப்ப ஆரம்பித்து, ஷேக்ஸ்பியரையே ஜூலுவில் கொடுத்தவர். அந்த வழியில் வந்த நாடகங்கள். பக்கத்து வீட்டு அம்மாவும் நானும் சேர்ந்துதான் கேட்கிறோம். விளம்பரம் வரும்போது யார் பொய் சொல்கிறார் என்று எங்களுக்குள் பெரிய வாதம் நடக்கும். உன் அப்பாவுக்கும் கூட உட்கார ஒரு ஆள் வேண்டும் கண்ணு. பேச்சைக் கேட்டால் பேசவும் தோணும்.

தமிழுக்கு ஆல் இந்தியா ரேடியோ செயலி இருக்கிறது, சென்னை, திருச்சி எல்லாம் வரும். இந்தியா நமக்கு மூன்றரை மணி முன்னால். அங்கே இரவு எட்டு என்றால் இங்கே நாலரை, தேத்தண்ணி நேரம்.

கேட்டவர்: டோங்காட் மகள்

மாமா, தம்பி, ஆயா, ரொம்ப நன்றி. ஞாயிறு மினிஸ்ட்ரி போட்டோம். முதல் காட்சியிலேயே "இது நம்ம ஊர் குரல் இல்லையே!" என்றார் அப்பா. பிறகு ஆலை அலுவலகத்தில் ஒரு கடிதம் மேஜை மேஜையாக அலைந்த கதையை அவரே சொல்ல ஆரம்பித்தார். இனி அந்த நேரத்துக்குக் கூட உட்கார எதிர்வீட்டுத் தாத்தாவைக் கேட்டிருக்கிறேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், தம்பி. ஒரே ரேடியோவில் இரண்டு ஹெட்போன் மாட்ட முடியுமா, ஒன்றில் மட்டும் சத்தத்தைக் கூட்டுகிற மாதிரி?