ஃபார்முலா 1க்கு அமெரிக்காவில் இன்னொரு நல்ல தடம் எது?

நண்பர்களே, உங்கள் கருத்து வேண்டும். மயாமி, லாஸ் வேகஸ் தடங்கள் என் மனதில் ஒட்டவே இல்லை. ஆஸ்டினில் முதல் வளைவுக்கு ஏறும் மேடு மாதிரி, நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு ஓடும் நிரந்தரத் தடம் வேண்டும்.

1961 முதல் 1980 வரை அமெரிக்க கிராண்ட் ப்ரீ நடந்த வாட்கின்ஸ் கிளென் அழகுதான். ஆனால் தடுப்புவேலி தடத்தை ஒட்டியே நிற்கிறது. 1973இல் செவேர், 1974இல் கோய்னிக் என்ற ஓட்டுநர்கள் உயிரிழந்த இடம் அது.

அதனால் என் ஓட்டு விஸ்கான்சினின் ரோடு அமெரிக்கா தடத்துக்கு. சுமார் 6.5 கிலோமீட்டர், காட்டுக்குள் நீளும் நேர்ப்பாதைகள்!

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தடங்களுக்குத் தரும் உச்சத் தரமான கிரேடு 1 சான்று இல்லாமல் ஃபார்முலா 1 வராதே. ரோடு அமெரிக்காவில் இண்டிகார் (அமெரிக்க கார் பந்தயத் தொடர்) பார்த்தவர்கள் சொல்லுங்கள்: அங்குள்ள வேகமான ‘கிங்க்’ வளைவுக்கு வெளியே கார் விலகினால் நிற்க இடம் விரிக்க முடியுமா? அப்புறம், பிட் (கார்களுக்கு டயர் மாற்றும் இடம்) கட்டடம் பெரிதாக்க வசதி உண்டா? வேறு தடம் தோன்றினாலும் காரணத்தோடு எழுதுங்கள்.