பிரிட்ஜில் ஒட்டிய வாக்குத்தத்தம்

கேள்வி: திருப்பூர்வாசி

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதிய அட்டை) வந்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு..." நான் எதிர்பார்த்தது ஒன்றுதான்: ஆறு வருஷமாக கான்ட்ராக்டில் ஓடும் வேலை நிரந்தரமாக வேண்டும். அட்டையை பிரிட்ஜில் ஒட்டினேன். காலையில் பால் பாக்கெட் எடுக்கும்போதெல்லாம் ஒரு தரம் வாசிப்பேன். ஏப்ரலில் வேலையே போய்விட்டது.

கர்த்தர்மேல் வருத்தமில்லை என்று சபையில் சொல்லிக்கொள்கிறேன். பொய். அதைவிட, வேதத்தைத் திறந்தாலே இதில் எனக்கு என்ன இருக்கிறது என்றுதான் கண் தேடுகிறது. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு எவர்சில்வர் டம்ளர் வாங்கியவன் நான். வசனம் நிறையத் தெரியும். வளர்ந்திருக்கிறேனா என்றுதான் தெரியவில்லை. நீங்களெல்லாம் எப்படி வாசிக்கிறீர்கள்?

பதில்: பாளை வாத்தியார்

தம்பி, 10-ம் வசனத்தை வாசித்தீர்களா? ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்று அதில் இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் ஊர் திரும்பியவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

அப்புறம் 28-ம் அதிகாரத்துக்குப் போங்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று பொய்த் தீர்க்கதரிசி அனனியா சொல்கிறான். எரேமியா முதலில் என்ன சொல்கிறார் தெரியுமா? ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அவருக்கும் அந்த ஆசைதான். இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன்.

நான் வாசிப்பது இப்படித்தான். ஒரு வசனம் பிடித்துவிட்டால் முந்தின அதிகாரத்திலிருந்து சத்தம்போட்டு வாசிப்பேன். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பதில்: மேரி அக்கா

நாங்கள் கத்தோலிக்கர். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே வசனத்தில் "எதிர்காலத்தையும் நம்பிக்கையையும்" என்று இருக்கும். நீங்கள் எதிர்பார்த்த முடிவு என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள் தம்பி! ஒரு வசனத்தை இரண்டு மொழிபெயர்ப்பில் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருவேன். அவ்வளவுதான் என் முறை.

பதில்: குமரி

எல்லாம் சரி, அட்டையை இளக்காரமாகப் பார்க்காதீர்கள் பிரதர். என் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அப்பா டயாலிசிஸில் இருந்த இரண்டு வருஷமும் ஏசாயா 41:10 ஒன்றை வைத்தே ஓட்டினார்கள். "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." முன்பின் அதிகாரமெல்லாம் தெரியாது. அப்பா பிழைக்கவில்லை. அம்மா அந்த வசனத்தை இன்றும் விடவில்லை.

திருப்பூர்வாசி

குமரி, உங்கள் அம்மா வசனத்தில் அப்பா பிழைப்பார் என்று எங்கேயும் இல்லை. என் வசனத்திலும் வேலை இல்லை, நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

அண்ணாச்சி, 28-ஐயும் 29-ஐயும் சத்தமாக வாசித்தேன். நான் அங்கே இருந்திருந்தால் அனனியா பக்கம்தான் நின்றிருப்பேன். அட்டையை எடுத்துவிடவா என்று மனைவி கேட்டாள். இருக்கட்டும் என்றேன். ஓரத்தில் பேனாவால் "10-ஐயும் பார்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.