பழைய 800-க்கு ரேடியேட்டர் மாற்றும்போது தெர்மோஸ்டாட்டையும் தூக்கிப் போடச் சொல்வது சரியா?

கோவை800
போன வாரம் இங்கே ஒருவர் பழைய மாருதி 800-க்கு வீட்டு வாசலிலேயே ரேடியேட்டர் மாற்றியதைப் படத்தோடு எழுதியிருந்தார். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கடைசியில், இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் வால்வைப் பற்றி ஒரு வரி: "அப்படியே தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுங்கள், நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை." அதற்குக் கீழே வரிசையாக "அருமை அண்ணா". படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

என்னுடையது 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. அப்பா வாங்கியது. ரேடியேட்டர் டாங்க் மடிப்பில் கசிவு, இரண்டு முறை ஈயம் வைத்துப் பற்றவைத்தும் நிற்கவில்லை. சரி, புதிதாகவே போட்டுவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ஜின் முழுக்க ஆறியிருந்தபோது உட்கார்ந்தேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, அடியில் இருக்கும் திருகைத் திறந்து பழைய தண்ணீரைப் பெயின்ட் வாளியில் பிடித்தேன். செம்மண் குழம்பு போல வந்தது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஃபேன் ஒயர், நான்கு போல்ட், அவ்வளவுதான். ரேடியேட்டர் கைக்கு வந்துவிட்டது.

அப்புறம் தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தால் உள்ளே வால்வே இல்லை. எந்தப் பட்டறையிலோ எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார்கள், அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வண்டி மைலேஜ் தரமாட்டேன் என்கிறது" என்று வருடக்கணக்கில் புலம்பியபடியே ஓட்டினார் மனிதர். 82 டிகிரியில் திறக்கும் என்று அச்சிட்ட புது வால்வு போட்டேன். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 16 கொடுக்கிறது. வால்வைத் தூக்கி எறியச் சொல்பவர்கள் அடுத்தவர் வண்டியைக் கெடுக்கிறார்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

சேலம்_பட்டறை
தம்பி, போன வாரம் எழுதியவர் என்னிடம் கேட்டுத்தான் அதை எழுதினார். அதனால் நானே பதில் சொல்கிறேன். 25 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வால்வு மூடியபடியே ஒட்டிக்கொண்டு, தண்ணீர் கொதித்து, இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்து, அதன் அடியில் இருக்கும் கேஸ்கட் போய், எண்ணெயில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி ஆன வண்டிகளை எண்ணி மாளாது. வால்வு எடுத்ததால் இன்ஜின் பிடித்துக்கொண்ட வண்டி ஒன்றே ஒன்று காட்டுங்கள், நான் கடையைச் சாத்திவிடுகிறேன். மே மாதம் இங்கே 40 டிகிரி. இந்த வெயிலில் இன்ஜினை இன்னும் சூடாக்க ஒரு சாமான் எதற்கு?

கோவை800
அண்ணா, நீங்கள் சொல்லும் 40 டிகிரி வெளியில் அடிக்கும் வெயில். வால்வு திறப்பது 82-ல். 40 எங்கே, 82 எங்கே? காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினுக்குள் இருக்கும் தண்ணீர் 82-க்கு வரும்வரை வால்வு மூடியிருக்கும், வந்ததும் திறந்துவிடும். மதியம் நெரிசலில் நிற்கும்போது அது முழுக்கத் திறந்துதான் இருக்கும். அந்த நேரத்தில் வால்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரேடியேட்டரும் ஃபேனும்தான் காப்பாற்ற வேண்டும். அப்படியிருக்க, வெயிலுக்காக வால்வை எடுப்பதில் என்ன லாபம்?

அம்பி_டாக்ஸி
மதுரையில் 20 வருடம் அம்பாசடர் ஓட்டினேன். வாரத்துக்கு மூன்று நடை கொடைக்கானல். வால்வு என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. வண்டி ஒரு நாள் நடுவழியில் நின்றதில்லை. புத்தகம் படித்தவர்கள் பேசலாம், மலை ஏறியவனுக்குத் தெரியும்.

கோவை800
மைலேஜ் எவ்வளவு கொடுத்தது என்பதையும் சொல்லுங்கள் ஐயா. உங்கள் வண்டியில் ஹெட் இரும்பு, ஃபேன் பெல்ட்டில் ஓடுவது. 800-இல் ஹெட் அலுமினியம், ஃபேன் கரண்டில் ஓடுவது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நானும் மலை ஏறியவன்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வால்வு போட்ட இதே 800-இல் நான்கு பேரோடு ஏறினேன். சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் போகவில்லை.

அம்பி_டாக்ஸி
மைலேஜைப் பற்றி நீ கேட்காதே. அந்த வண்டியில்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

செங்கை_புதுசு
வணக்கம். என்னுடைய 2003 வண்டிக்கு இந்த ஞாயிறு ரேடியேட்டர் மாற்றலாம் என்று இருக்கிறேன். கீழ் ஹோஸ் உலோகக் குழாயோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

சேலம்_பட்டறை
கோவைத் தம்பி, 13 கொடுத்தது 16 ஆனது என்கிறீர்களே, அன்றைக்கே பிளக் மாற்றினீர்களா, ஏர் ஃபில்டர் மாற்றினீர்களா? அதைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் வால்வின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். முன்பு இங்கே நடந்த பேட்டரி விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதியைச் சொல்லிப் பாதியை விட்டீர்கள். நான் மறக்கவில்லை.

கோவை800
பேட்டரி விவாதத்தில் நான் சொன்னதுதான் சரி, அதை இப்போது இழுக்க வேண்டாம். பிளக் மாற்றவில்லை. ஃபில்டர் மாற்றினேன். ஃபில்டர் மாற்றினால் 3 கிலோமீட்டர் கூடுமா? இன்ஜின் சூடாகாமல் ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயோடு கலக்கும், பிஸ்டன் ரிங் தேயும். இதெல்லாம் ஒரே நாளில் தெரியாது அண்ணா. அதனால்தான் உங்கள் பட்டறைக்கு "வால்வு எடுத்ததால் கெட்டுப்போனது" என்று ஒரு வண்டியும் வருவதில்லை. "வண்டி இழுக்கவில்லை, எண்ணெய் குடிக்கிறது" என்றுதான் வரும், நீங்களும் ரிங் மாற்றி அனுப்புவீர்கள். என் அப்பா வண்டிக்கு நடந்தது அதுதான்.

சேலம்_பட்டறை
காசுக்காக ரிங் மாற்றுகிறேன் என்று சொல்கிறீர்களா? வார்த்தையை அளந்து பேசுங்கள். நெடுஞ்சாலையில் நடு ராத்திரி குடும்பத்தோடு நிற்பவன் எனக்குத்தான் ஃபோன் செய்வான், உங்களுக்கு இல்லை. அந்த நேரத்தில் வால்வை எடுத்துவிட்டுத்தான் வீடு போய்ச் சேர வைத்திருக்கிறேன்.

குன்னூர்வாசி
சமவெளியில் இருப்பவர்கள் எல்லோரும் தமிழ்நாடு முழுவதும் 40 டிகிரி என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஜனவரியில் எங்கள் பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வால்வு இல்லாத வண்டியில் இன்ஜின் தண்ணீர் சூடாகாது, அந்தச் சூட்டில் ஓடும் ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றுதான் வரும், கண்ணாடியில் மூட்டம் போகாது, எதிரே வரும் பேருந்து தெரியாது. போன வருடம் சமவெளியில் வாங்கிய பழைய 800-இல் இதே கதை. தயவுசெய்து "நம் ஊர்" என்று பொதுவாக எழுதாதீர்கள்.

கோவை800
இதைத்தான் நானும் சொல்கிறேன். அண்ணா, நடு ராத்திரி எடுத்தது சரி. மறுநாள் புது வால்வு போட்டு அனுப்பினீர்களா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தால் மாட்டுவதற்கு முன் சோதிக்கலாம். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, வால்வை ஒரு நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, கூடவே ஒரு வெப்பமானி. நான் அப்படித்தான் பார்த்தேன். 82-ஐ ஒட்டித் திறக்க ஆரம்பித்தது, இறக்கி வைத்ததும் மூடிக்கொண்டது. மாட்டும்போது வால்வின் விளிம்பில் குட்டி ஆணி ஆடும் ஓட்டை மேல் பக்கம் இருக்க வேண்டும், காற்று வெளியே போக. ஒட்டிக்கொண்டது என்று சொல்லும் வண்டிகளில் எத்தனையில் போர்த் தண்ணீரின் உப்புப் படிந்து ஒட்டியது, அதையும் சொல்லுங்கள்.

அம்பி_டாக்ஸி
போர்த் தண்ணீர் இல்லாமல் பன்னீரா ஊற்றுவார்கள்? வழியில் டீக்கடையில் என்ன கிடைக்கிறதோ அதுதான். பச்சைத் தண்ணீரை விட நன்றாகச் சூட்டை இழுப்பது எதுவும் இல்லை.

கோவை800
சூட்டை இழுப்பதில் தண்ணீர்தான் முதல், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெறும் தண்ணீர் 100-இல் கொதிக்கும். ரேடியேட்டரின் 0.9 பார் அழுத்த மூடி நன்றாக அழுத்தம் பிடித்தால் 118 பக்கம் தாங்கும், மூடி ரப்பர் போயிருந்தால் தாங்காது. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவமான கூலன்டைப் பாதிக்குப் பாதி கலந்தால் அதற்கும் மேல் தாங்கும், துருவும் பிடிக்காது. நான் காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்டுமாகச் சுமார் மூன்றரை லிட்டர் ஊற்றினேன். ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வைத்து, மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து காற்றை எடுத்தேன். மேல் ஹோஸ் திடீரென்று சூடானது பாருங்கள், அதுதான் வால்வு திறந்த நேரம்.

வாசல்நாய்
கோவை800, பெயின்ட் வாளியில் பிடித்த பழைய தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள்?

கோவை800
வாசல் சாக்கடையில்தான். ஏன்?

வாசல்நாய்
அதில் கூலன்ட் இருந்திருந்தால்? கூலன்ட் இனிப்பாக இருக்கும், தெரு நாய் நக்கிவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். எங்கள் தெருவில் ஒரு நாய் அப்படித்தான் இரண்டு நாள் துடித்துச் செத்தது. பக்கத்துப் பட்டறையில் வாசலில் கொட்டியது. வீட்டிலேயே வேலை செய்யச் சொல்லி எழுதுகிறவர்கள் இதை முதல் வரியில் எழுத வேண்டும். வாளியை மூடி வையுங்கள், சிந்தியதை மணல் போட்டு அள்ளுங்கள்.

கோவை800
என் வண்டியில் இருந்தது வெறும் துருத் தண்ணீர், கூலன்டே இல்லை. நாய் விஷயத்துக்குத் தனியாக எழுதுங்கள், இங்கே வால்வைப் பற்றிப் பேசுகிறோம்.

வாசல்நாய்
வெறும் துருத் தண்ணீர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வால்வைக் காணோம் என்பதே உங்களுக்குக் கழற்றிய பிறகுதானே தெரிந்தது. ஒரு உயிர் போவதை விட உங்களுக்கு 82 பெரிதாகப் போய்விட்டது.

செங்கை_புதுசு
கீழ் ஹோஸ் இன்னும் வரவில்லை. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பலாமா?

சேலம்_பட்டறை
நெம்பாதே தம்பி, ரேடியேட்டர் பக்கம் நெம்பினால் குழாய் வளைந்துவிடும். கிளிப்பைப் பின்னால் தள்ளிவிட்டு ஹோஸைக் கையால் இடமும் வலமுமாகத் திருகு. வரவில்லை என்றால் பிளேடால் நீளவாக்கில் கீறி எடு. பழைய ஹோஸ்தானே, புது ரேடியேட்டரோடு புது ஹோஸும் கிளிப்பும் போட வேண்டியதுதான். ஃபேன் ஓடுகிறதா என்று பார். அப்படியே வால்வையும் எடுத்துவிடு, நிம்மதி.

கோவை800
செங்கை நண்பரே, எடுக்காதீர்கள்! உங்களுடையது 2003 வண்டி, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் ஊற்றுவது) என்றால் இன்னும் மோசம். தண்ணீர் சூடாகவில்லை என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். அண்ணா, புதிதாக வருபவனிடமும் இதையே சொல்கிறீர்களே. மறுநாள் வால்வு போட்டு அனுப்பினீர்களா என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

சேலம்_பட்டறை
போட்டுத் தரச் சொன்னவனுக்குப் போட்டேன், வேண்டாம் என்றவனுக்கு விட்டேன். கடைத்தெருவில் இப்போது கிடைக்கும் வால்வில் பாதி போலி. இரண்டு மாதத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு ஹெட் வளைந்தால் திட்டு வாங்குவது நான். போலி வால்வுக்கு வெறும் ஓட்டையே மேல்.

குன்னூர்வாசி
போலி என்றால் நல்லதைத் தேடி வாங்க வேண்டும் அண்ணா. பிரேக் ஷூவும் போலி வருகிறது, அதற்காகப் பிரேக் இல்லாமலா மலை இறங்குகிறோம்?

அம்பி_டாக்ஸி
பிரேக்கும் வால்வும் ஒன்றா? இதற்குத்தான் மலைக்காரர்களோடு பேசக்கூடாது.

குன்னூர்வாசி
வாரம் மூன்று நடை மலைக்கு வந்தது நீங்கள்தானே ஐயா?

கோவை800
போலி என்பது கடைக்காரனின் தப்பு, வால்வின் தப்பு இல்லை. திரும்பவும் சொல்கிறேன், 40 எங்கே, 82 எங்கே? இந்த ஒரு கேள்விக்கு இங்கே ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

சேலம்_பட்டறை
பதில் என் பட்டறை வாசலில் நிற்கிறது. வால்வு இல்லாத 800. இன்று மதியம் மேட்டூர் போய்த் திரும்பியது. வந்து மேல் ஹோஸில் கையை வைத்துப் பாருங்கள், எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்று.

கோவை800
அந்தக் குளிர்ச்சிதான் அண்ணா வியாதி! நாலு மைல் ஓடி வந்த பிறகும் ஹோஸில் கை வைக்க முடிகிறது என்றால் உள்ளே 60 கூட இல்லை. வெப்பமானியோடு வருகிறேன். உங்கள் வண்டி, என் வண்டி, இரண்டையும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்ப்போம்.

சேலம்_பட்டறை
மேட்டூர் நாலு மைலா? சேலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலே இவ்வளவு பேச்சு. வாருங்கள், வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். வரும்போது உங்கள் வால்வு ஒட்டிக்கொண்டால் எனக்கே ஃபோன் செய்யுங்கள்.