அப்பாவின் மெயிலில் உள்ள படங்களை எடுக்க உதவி வேண்டும்

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா தவறி ஐந்து மாதம் ஆகிறது. கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை வருஷா வருஷம் அவர் எடுத்த படங்கள் எல்லாம் அவருடைய ஜிமெயில் கணக்கில்தான் இருக்கின்றன. போனில் பேட்டர்ன் லாக். ரீசார்ஜ் பண்ணாமல் விட்டதில் சிம்மும் போய்விட்டது, ஓடிபி வர வழியில்லை. அம்மா இன்னமும் அந்தப் போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டு, சாமி படத்துப் பக்கத்திலேயே வைக்கிறார்கள்.

இறப்புச் சான்றிதழும் தாலுகா ஆபீஸில் வாங்கிய வாரிசுச் சான்றிதழும் கையில் இருக்கின்றன. கூகுளுக்கு இப்படி விண்ணப்பித்துப் படங்களை வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நோட்டரி கையெழுத்து கேட்டார்களா? எத்தனை நாள் ஆனது? 2 வருஷம் திறக்காத கணக்கை அழித்துவிடலாம் என்பது அவர்கள் விதி. அதுதான் பயமாக இருக்கிறது.

என் கணக்குக்கு நேற்றே ஏற்பாடு செய்துவிட்டேன். செட்டிங்கில் 'இனாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' இருக்கிறது. 3 முதல் 18 மாதம் வரை நாம் குறிக்கிற காலம் கணக்கைத் தொடாவிட்டால், நாம் சொல்லிவைத்தவர்களுக்குத் தகவல் போகும். 10 பேர் வரை சேர்க்கலாம். பத்து நிமிஷ வேலை. அப்பா இருந்தபோதே செய்திருக்கலாம்.

காட்பாடி, வேலூர் பக்கம் இதில் அனுபவமுள்ளவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நேரிலேயே வருகிறேன்.