தரம் 11 பொடியன்களோடு எச்.ஐ.வி பற்றிப் பேச ஆள் தேவை

வணக்கம். கொழும்பில் தமிழ்மொழிப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை வகுப்பில் பெயரில்லாக் கேள்விப்பெட்டி வைத்தேன். "நுளம்பு கடித்தால் எயிட்ஸ் வருமா?" என்று நாலைந்து துண்டு. வராது என்று சொல்லிவிட்டேன். பரவும் வழிகளைப் பொடியன்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், அது சோதனைக்கு. ஆனால் நாலாக மடித்த ஒரு துண்டில், "ஆணுறை வாங்கினால் ஃபார்மசிக்காரர் வீட்டில் சொல்வாரா?" என்றிருந்தது. உண்மையில் எனக்கு வாய் எழவில்லை.

பயமுறுத்தாமல், நெளியாமல் தமிழில் பேசக்கூடிய டொக்டர் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யாரையாவது தெரியுமா? ஒரு பாடவேளை போதும். கொழும்பு 10 டி சேரம் பிளேஸிலுள்ள தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திடம் பேச்சாளர் கேட்டவர்கள் இருக்கிறீர்களா? கடிதம் அதிபர் வழியாகத்தான் போகவேண்டுமா? அப்புறம், பெற்றோரை எப்படிச் சமாளித்தீர்கள்? உலக எயிட்ஸ் தினமான டிசம்பர் 1க்கு முன் முடித்தால் நல்லது.